நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கிலேயப் பாடகரும் பாடலாசிரியருமான நிக் டிரேக் 1972இல் வெளியிட்ட ‘பிங்க் மூன்’ என்ற இசைத்தட்டைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். வெளியானபோது சீந்துவாரற்றுக் கிடந்த அந்தத் தட்டு, அவர் இறந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகு பெரும் எண்ணிக்கையில் கேட்கப்படலாயிற்று என்பதே அதன் சாரம். குறிப்பு சுருக்கமாக இருந்ததாலோ என்னவோ, கடிதங்கள் நீளமாக வந்திருக்கின்றன. அவற்றிலிருந்து சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வாசகர், கோயம்புத்தூர்: ஒரு குரல், ஒரு கிதார், மொத்தம் 28 நிமிடங்கள். நம் ஊர்க் கச்சேரியில் ஒரு ராகம் தானம் பல்லவிக்குக்கூடப் போதாத நேரம். இதைப் பெரிய படைப்பு என்று சொல்வது மிகையில்லையா?

நேரத்தைக் கணக்கிட்டால் மிகைதான். ஆனால் இந்தத் தட்டின் சிறுமையை, அதற்கு முன்னால் அவர் செய்தவற்றோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும். 1969இல் வெளியான அவருடைய முதல் தட்டான ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’டில், கேம்பிரிட்ஜில் உடன் படித்த ராபர்ட் கெர்பி எழுதிய தந்தி வாத்தியக் கோவைகள் பாடல்களைச் சூழ்ந்து நிற்கின்றன, டேனி தாம்சனின் டபுள் பேஸ் அடியில் நடக்கிறது. (இந்தப் பெயருக்கு ‘இன்னும் 5 இதழ்கள் மீதம்’ என்று பொருள். கவித்துவமாகத் தோன்றினாலும், சிகரெட் சுருட்டும் ரிஸ்லா தாள் கட்டில் தாள்கள் தீரப்போவதை அறிவிக்கும் வாசகம்தான் அது.) 1971இல் வந்த ‘பிரைட்டர் லேட்டர்’ இன்னும் ஆடம்பரமானது: டிரம்ஸ், சாக்ஸபோன், புல்லாங்குழல், பின்னணிக் குரல்கள், ஓரிரு பாடல்களில் ஜான் கேல் வாசித்த வயோலாவும் செலஸ்டாவும். ஆகவே அடுத்த தட்டு வெறும் கிதாரோடு வந்தபோது அதை வறுமை என்று சொல்ல முடியாது. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வேண்டாம் என்று சொன்ன ஒருவரின் முடிவு அது. தலைப்புப் பாடலில் சில நொடிகள் மட்டும் சொட்டும் பியானோ ஒன்றுதான் பிறகு சேர்க்கப்பட்டது. அதையும் அவரே வாசித்தார்.

அந்தக் கிதாரையும் ‘வெறும் கிதார்’ என்று எண்ணிவிடக் கூடாது. கிதாரின் ஆறு தந்திகளும் வழக்கமாக, கனத்ததிலிருந்து மெல்லியது வரை, ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்கப்படும். டிரேக் ஏறத்தாழ ஒவ்வொரு பாடலுக்கும் இந்த முறையைக் கலைத்துப் புதிதாகச் சேர்த்துக்கொள்வார். ‘பிங்க் மூன்’ பாடலில் அது சி, ஜி, சி, எஃப், சி, ஈ என்று ஆகிறது. கனத்த தந்திகள் தளர்ந்து கீழிறங்குவதால், தம்புராவின் மந்தரத்தைப் போல ஓர் அடிநாதம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்க, அதன் மேல் இடக்கையின் ஒன்றிரண்டு விரல்கள் அழுத்தும் இடத்தில், வழக்கமான சுருதியில் எட்டவே முடியாத ஒலிச்சேர்க்கைகள் பிறக்கின்றன. வலக்கைக் கட்டைவிரல் தாளத்தைச் சற்றும் நழுவவிடாமல் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெட்டை நெய்கின்றன. குரல் மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்காமல், நாம் எதிர்பார்க்கும் எடுப்பில் நுழையாது சற்றுப் பிந்தியோ இடைவெளியிலோ வந்து அமர்கிறது. கை ஓர் ஆளுடையது, குரல் வேறோர் ஆளுடையது என்று தோன்றுமளவுக்கு இரண்டும் தனித்தனியே இயங்குகின்றன. 11 உருப்படிகளில் ‘ஹார்ன்’ என்பது பாட்டுச் சொல்லே இல்லாத சிறு கிதார்த் துண்டு. ‘நோ’ (‘அறிந்துகொள்’) என்பதில் மொத்தமே நான்கு வரிகள்தான், மீதி முனகலும் திரும்பத் திரும்ப வரும் ஒரே கிதார் அடியும். இவற்றை நீட்டியிருந்தால் கெட்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

வாசகி, திருநெல்வேலி: இரண்டே இரவுகளில் பதிவு செய்து, யாரிடமும் பேசாமல், ஒலிநாடாவை நிறுவனத்தின் வரவேற்பறையில் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று படித்தேன். உண்மையா?

முதல் பாதி உண்மை. 1971 அக்டோபரில், லண்டன் செல்சி பகுதியிலிருந்த ‘சவுண்ட் டெக்னிக்ஸ்’ ஒலிப்பதிவுக்கூடத்தில், பகல் நேரத்துப் பதிவுகளெல்லாம் முடிந்த பின்னர், இரண்டு இரவுகளில் இந்தத் தட்டு உருவாயிற்று. உடனிருந்தவர் ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டுமே. முந்தைய இரண்டு தட்டுகளையும் தயாரித்த ஜோ பாய்ட் தம் நிறுவனத்தை விற்றுவிட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டிருந்தார். வாத்தியக் கோவைகளை எப்போது சேர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, சேர்க்க எதுவும் இல்லை என்று டிரேக் சொல்லிவிட்டதாக வுட் நினைவுகூர்ந்திருக்கிறார்.

வரவேற்பறைக் கதைக்கு மூலம், தட்டை வெளியிட்ட ஐலண்ட் நிறுவனத்தில் விளம்பரப் பொறுப்பில் இருந்த டேவிட் சாண்டிசன் சொன்னது. அவர் சொன்னபடி, கீழே ஒலிநாடாப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த டிரேக்கை அவரே மாடிக்கு அழைத்துச் சென்று தேநீர் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரம் போல இருந்துவிட்டு, அதிகம் பேசாமல், டிரேக் பெட்டியோடு இறங்கிப் போயிருக்கிறார். பிறகுதான் அவர் நாடாவை முன்மேசையில் விட்டுச் சென்றிருப்பது தெரியவந்தது. வாய்வழியாகப் பரவப் பரவ, அந்த அரை மணி நேரமும் தேநீரும் கதையிலிருந்து கழன்றுவிட்டன. மனித முகமே பார்க்காமல் படைப்பை விட்டெறிந்துவிட்டு ஓடியவர் என்ற சித்திரம் எஞ்சிவிட்டது. கூச்சம் மிகுந்த ஒருவரைப் பேயுருவாக்கும் இந்த வேலை, அவர் வாழ்க்கையின் மற்ற பல நிகழ்ச்சிகளிலும் நடந்திருக்கிறது.

வாசகர், சேலம்: நிலா எதற்காக இளஞ்சிவப்பு?

வட அமெரிக்காவில் ஏப்ரல் மாதத்துப் பௌர்ணமியை அந்தப் பருவத்தில் பூக்கும் காட்டு மலர்களை வைத்து இப்படி அழைக்கும் வழக்கம் உண்டு. டிரேக் அதை எண்ணினார் என்பதற்குப் பாடலில் சான்றில்லை. பாடலில் அந்த நிலா வந்துகொண்டிருக்கிறது. யாரையும் விடாமல் பிடிக்கப்போகிறது. எச்சரிக்கையா கிண்டலா என்று புரியாத தொனியில் அதை அவர் சொல்கிறார். அந்தத் தெளிவின்மையை நான் குறையாகக் கருதவில்லை.

வாசகர், யாழ்ப்பாணம்: இவ்வளவு நுட்பமான வேலையை 1972இன் விமர்சகர்கள் கவனிக்காமல் விட்டது எப்படி? விமர்சகர்களின் தோல்வியா, நிறுவனத்தின் தோல்வியா?

இரண்டுமே இல்லை என்பதுதான் நான் தரக்கூடிய நேர்மையான பதில். பலருக்கும் அது ஏமாற்றமாக இருக்கலாம். 1972 பிப்ரவரி 25 அன்று தட்டு வெளியானபோது மதிப்புரைகள் மிகக் குறைவாகவே வந்தன. ஆனால் வந்தவற்றில் எல்லாமே மூடத்தனமானவை அல்ல. ‘மெலடி மேக்கர்’ வார இதழின் விமர்சகர், இந்த இசை மிகவும் அந்தரங்கமாகவும் கூச்சத்தோடும் முன்வைக்கப்படுவதாகவும், கேட்கக் கேட்க ஈர்ப்பு கூடினாலும் அது நம்மிடமிருந்து ஒளிந்துகொண்டே இருப்பதாகவும் எழுதினார். ஐம்பது ஆண்டுகளில் இதைப் பற்றிச் சொல்லப்பட்ட எத்தனையோ வாக்கியங்களைவிட அது துல்லியமானது. ‘ஜிக்ஜாக்’ இதழில் எழுதிய கானர் மெக்நைட், எதையும் போலியாகச் செய்யாத கலைஞர் இவர் என்று குறிப்பிட்டார்.

நிறுவனமும் கைகழுவிவிடவில்லை. ஐலண்ட் வெளியிட்ட பத்திரிகை விளம்பரம், இவருடைய முந்தைய தட்டுகள் விற்கவே இல்லை என்பதைக் கூசாமல் ஒப்புக்கொண்டு, என்றாவது யாரேனும் சரியாகக் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் தொடர்ந்து வெளியிடுவதாகச் சொல்லிற்று. இதற்கு ஈடாக வேறொரு வணிக விளம்பரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஜோ பாய்ட், தம் நிறுவனத்தை விற்றபோது, டிரேக்கின் தட்டுகளைப் பட்டியலிலிருந்து ஒருபோதும் நீக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்ததாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் யாரேனும் தேடிப்போனபோது தட்டு கிடைத்ததற்கு அந்த நிபந்தனை முக்கியக் காரணம். விற்காத புத்தகத்தைக் கிடங்கிலிருந்து எடைக்குப் போடாமல் வைத்திருக்கும் பதிப்பாளர் எத்தகையவர் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அப்படியானால் ஏன் விற்கவில்லை? அன்றைக்கு ஓர் இளம் பாடகரை மக்களிடம் கொண்டுசேர்த்தவை மேடையும் வானொலியும் பேட்டிகளும்தான். டிரேக் 1970இன் நடுப்பகுதியோடு ஏறத்தாழ மேடையை விட்டே விலகிவிட்டார். அவருடைய கலையின் பலமே மேடையில் பலவீனமாயிற்று: ஒவ்வொரு பாடலுக்கும் சுருதி மாற்ற வேண்டியிருந்ததால், பாடல்களுக்கிடையே தந்திகளை முறுக்கிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அந்த இடைவெளியைச் சிரிக்கச் சிரிக்கப் பேசி நிரப்பும் திறமை அவருக்கு இல்லை; பீர்க் கோப்பைகளோடு நின்ற கூட்டம் தனக்குள் பேசத் தொடங்கிவிடும். பேட்டி என்று எடுத்துக்கொண்டால், 1971இல் ‘சவுண்ட்ஸ்’ இதழுக்காக ஜெரி கில்பர்ட் எடுத்த ஒன்றைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதிலும் பதில்கள் அரைகுறை. வளர்ந்த பருவத்து டிரேக் அசைவதையோ பாடுவதையோ காட்டும் அசைபடம் ஒன்றுகூட இதுவரை வெளிவரவில்லை. அவர் வாழ்ந்த காலத்தில் மூன்று தட்டுகளில் எதுவுமே 5000 பிரதிகளைத் தாண்டவில்லை என்று சொல்லப்படுவதில் வியப்பில்லை. கேட்டவர்கள் புறக்கணிக்கவில்லை, கேட்கும் வாய்ப்பே பெரும்பாலோருக்கு வரவில்லை.

வாசகி, சென்னை: மனச்சோர்வில் இருந்த ஒருவர் விட்டுச்சென்ற கடைசிக் கடிதமாகத்தான் ‘பிங்க் மூன்’ எனக்குக் கேட்கிறது. அதைத் தாண்டி வேறு விதமாகக் கேட்க முடியுமா?

முடியும் என்று மட்டுமல்ல, அப்படித்தான் கேட்க வேண்டும் என்றும் வாதாடுவேன். உங்கள் உணர்வைக் குறை சொல்லவில்லை. பல பத்தாண்டுகளாக இந்தத் தட்டோடு சேர்த்தே விற்கப்பட்டுவரும் கதை அது. டிரேக் 1974 நவம்பர் 25 அன்று, 26 வயதில், வார்விக்ஷயரில் டான்வர்த்-இன்-ஆர்டன் என்ற ஊரிலிருந்த பெற்றோர் வீட்டில் இறந்தார். மனச்சோர்வுக்காக அவருக்குத் தரப்பட்டிருந்த மாத்திரைகளின் அளவு மிகுந்ததே காரணம். மரண விசாரணை அதிகாரி தற்கொலை என்று முடிவு செய்தார். தவறுதலாக நேர்ந்திருக்கலாம் என்றே நெருங்கியவர்களில் சிலர் கருதினர். இந்த மரணத்தை அறிந்துகொண்டு தட்டைக் கேட்கிறவர்களுக்கு, ஒவ்வொரு வரியும் அதை நோக்கியே நடப்பதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் நாட்காட்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. பதிவு நடந்தது 1971 அக்டோபர். இடையே மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. பாடல்கள் எல்லாமே அந்த அக்டோபரின் மனநிலையில் பிறந்தவையும் அல்ல. தட்டிலேயே நீளமான ‘திங்ஸ் பிஹைண்ட் த சன்’ முன்பே உருவாகி, அடுத்த தட்டுக்கென்று காத்திருந்தது. இதற்கெல்லாம் மேலாக, இது அவருடைய கடைசிப் பதிவே அல்ல. 1974இல் மறுபடியும் ஜான் வுட்டின் கூடத்துக்குப் போய்ச் சில பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றுள் ‘பிளாக் ஐட் டாக்’ கேட்பவரை நடுங்கச் செய்யும் இருளுடையது. அதையும் ‘பிங்க் மூன்’ தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நோய் முற்றிய குரல் எது, நோயின் நடுவிலும் தன் தொழிலைத் தெளிவாகச் செய்துகொண்டிருந்த குரல் எது என்று காதே சொல்லிவிடும்.

அவர் அப்போது நலமாக இருந்தார் என்று நான் சொல்லவில்லை. நண்பர்களிடமிருந்து விலகிக்கொண்டிருந்தார், மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மனச்சோர்வு தன்னளவில் பாட்டு எழுதுவதில்லை. அது பெரும்பாலும் எழுதவிடாமல்தான் செய்யும், அவரையும் பின்னர் அப்படித்தான் செய்தது. இரண்டு இரவுகளில், அந்தச் சில நொடிப் பியானோவைத் தவிர வேறு சேர்ப்போ ஒட்டோ இல்லாமல், விரல் பிசகாமல் இத்தனை சிக்கலான கிதாரை வாசித்துப் பாடியவர், பல மாதங்களாகக் கைப்பழக்கத்தைப் பட்டை தீட்டி வைத்திருந்தவராகத்தான் இருக்க முடியும். அந்த உழைப்பை அழித்துவிட்டு அதன் இடத்தில் துயரத்தை மட்டும் வைப்பது, மரியாதை போலத் தோன்றினாலும் மரியாதைக் குறைவே.

தட்டின் கடைசிப் பாட்டான ‘ஃப்ரம் த மார்னிங்’ ஒரு விடியலைப் பற்றியது. அழகாகப் புலரும் பகலையும் இரவையும் பார்க்கச் சொல்லி, விடியலிடம் கற்ற விளையாட்டை ஆடச் சொல்லி, துள்ளலான நடையில் முடிகிறது. அதிலிருந்து எடுத்த ஒரு வரியைத்தான், ‘இப்போது நாம் எழுகிறோம், எங்கும் இருக்கிறோம்’ என்ற பொருளில், அவருடைய கல்லறைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கடைசிக் கடிதம் என்று நினைத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாட்டுக்கு வருவதற்குள் மனம் கனத்து நிறுத்திவிடுகிறார்களோ என்று எனக்கு ஐயம் உண்டு.

வாசகர், சிங்கப்பூர்: ஒரு கார் விளம்பரம்தான் இவரைப் பிரபலமாக்கியது என்கிறார்கள். கலைக்கு இது இழுக்கல்லவா?

1999 இறுதியில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் திறந்த கூரைக் காருக்காக வெளியிட்ட விளம்பரம் அது. நால்வர் நிலவொளியில் காரோட்டிச் செல்கிறார்கள். விருந்து நடக்கும் வீட்டை அடைந்ததும் அங்கே இருக்கும் கூச்சலைப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் நோக்கி, இறங்காமலே திரும்பிப் போய்விடுகிறார்கள். பேச்சே இல்லை, ‘பிங்க் மூன்’ மட்டும் ஒலிக்கிறது. அதற்கு முன் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 6000 பிரதிகள் விற்ற தட்டு, 2000ஆம் ஆண்டில் சுமார் 74,000 விற்றது.

ஆனால் பிரபலமாக்கியது விளம்பரம் மட்டுமே என்பது சரியல்ல. 1979இல் அவருடைய தட்டுகளைத் தொகுத்து ‘ஃப்ரூட் ட்ரீ’ என்ற பெட்டித் தொகுப்பு வந்தது. அதுவும் பெரிதாக விற்கவில்லை, எனினும் இசைக்கலைஞர்கள் வாங்கினார்கள். 1985இல் ‘த டிரீம் அகாடமி’ என்ற குழு தன் புகழ்பெற்ற பாடலொன்றை அவருக்குக் காணிக்கையாக்கியது. 1994இல் ஜோ பாய்ட் தேர்ந்தெடுத்த ‘வே டு ப்ளூ’ தொகுப்பும், 1997இல் பேட்ரிக் ஹம்ஃப்ரிஸ் எழுதிய வாழ்க்கை வரலாறும் வந்தன. ஈரமாக இருந்த மண்ணில்தான் விளம்பரம் விழுந்தது. இழுக்கு என்ற உங்கள் சொல்லைப் பற்றி: கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போகும் அந்தக் காட்சியைவிடப் பொருத்தமாக இந்தப் பாட்டைப் புரிந்துகொண்ட மதிப்புரைகள் அதிகமில்லை என்பதால், கார் விற்றவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இன்னொன்று. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003இல் வெளியிட்ட சிறந்த 500 தட்டுகளின் பட்டியலில் இது 320ஆம் இடத்தில் இருந்தது. 2020இல் புதிதாகத் தொகுக்கப்பட்ட பட்டியலில் 203ஆம் இடத்துக்கு ஏறியிருந்தது. இத்தகைய பட்டியல்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. விளம்பரம் மறந்துபோன பிறகும் தட்டு ஏறிக்கொண்டே இருந்தது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

வாசகி, காரைக்குடி: எங்கள் தாத்தா பர்மாவில் வேலை பார்த்தவர். நிக் டிரேக் ரங்கூனில் பிறந்தவர் என்று கேள்விப்பட்டு எழுதுகிறேன். அது சரியா? அந்த நாட்டின் சாயல் ஏதேனும் அவர் இசையில் உண்டா?

சரி. 1948 ஜூன் 19 அன்று ரங்கூனில் பிறந்தார். தந்தை ராட்னி, தேக்கு வணிகத்தில் பெயர்பெற்ற பாம்பே பர்மா வர்த்தகக் கழகத்தில் பொறியாளர். தாய் மோலியும் ரங்கூனில் பிறந்தவரே. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது, உங்கள் ஊர்க் குடும்பங்கள் பலவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறிய அதே நாட்களில், மோலியும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். டெல்லியில் தங்கியிருந்தபோது தம் சகோதரி நான்சியோடு அகில இந்திய வானொலியில் பாடியிருக்கிறார். மூத்த மகள் கேப்ரியல் 1944இல் லாகூரில் பிறந்தார். பின்னாளில் இங்கிலாந்தில் நடிகையானார். நிக் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பர்மாவிலிருந்து புறப்பட்டுவிட்டது. ஆகவே அவர் கிதாரில் பர்மாவைத் தேடுவது வீண் வேலை.

தேட வேண்டிய இடம் தாயின் பியானோ. மோலி தாமே பாட்டு எழுதி, மெட்டமைத்து, வீட்டில் பாடுவார். 1950களில் ராட்னி அவற்றை வீட்டிலேயே ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். வெளியுலகுக்கென்று பாடப்படாத அந்தப் பாடல்கள் 2013இல் ‘மோலி டிரேக்’ என்ற பெயரிலேயே தட்டாகப் பரவலாக வெளிவந்தன. ஸ்வரங்கள் மகிழ்ச்சிக்கும் வருத்தத்துக்கும் இடையே முடிவெடுக்காமல் நிற்கும் அந்த இடங்களைக் கேட்டுவிட்டு மகனிடம் திரும்பினால், அவர் கிதாரின் சுருதியை ஏன் அத்தனை முறை கலைத்துச் சேர்த்தார் என்பதற்கு ஒரு விடை கிடைக்கிறது: சிறு வயதில் பியானோவில் கேட்டுப் பழகிய ஒலிச்சேர்க்கைகளை ஆறு தந்திகளில் கொண்டுவர வழக்கமான சுருதி உதவியிருக்காது. இது என் ஊகம் என்றாலும், இரண்டையும் கேட்டவர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். மோலியின் பாடல்களில் ‘ஹேப்பினஸ்’, ‘ஐ ரிமெம்பர்’ ஆகிய இரண்டிலிருந்து தொடங்குங்கள். இரண்டுமே இணையத்தில் கிடைக்கின்றன.